நண்டு மறித்த தீவும் கல்யாணத்தை முன்தள்ளிய தீவும்

1. முதல் நாள்

தீவில் இறங்கிய முதல் நாளே எங்கள் வேலை நின்றது. காரணம் நண்டு.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகிற ரோடு முழுக்கச் சிவப்பாக இருந்தது. தார் ரோடே நகர்கிற மாதிரி ஒரு தோற்றம். உள்ளங்கை அகல நண்டுகள் ஆயிரக்கணக்கில் காட்டிலிருந்து கடலுக்கு முட்டை போடப் போய்க்கொண்டிருந்தன. லோரி டிரைவர் எஞ்சினை அணைத்தார். பின்னாலிருந்து தோட்டம் கூட்டுகிற வாரியை எடுத்து, முன்னால் கிடந்த நண்டுகளைப் பக்குவமாக ஓரம் தள்ளினார். கொஞ்ச தூரம் ஓட்டினார். மறுபடி இறங்கினார்.

"என்னம்மா ரோஸ்லின் இது! நம்ம ஊர்ல மாடு குறுக்க வந்தாகூட ஹாரன் அடிப்பானுங்க. இங்க நண்டுக்கு ரோடு கூட்டி விடுறாங்க லா!" என்றார் மாணிக்கம் அண்ணன். சொல்லிவிட்டு அவரே இறங்கி இன்னொரு வாரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நானும் இறங்கினேன். சாமான் பெட்டிகளுடன் கிறிஸ்மஸ் தீவுக்குள் நாங்கள் நுழைந்தது இப்படித்தான், நண்டைக் கூட்டிக்கொண்டே.

நான் கோல்ட் ரூம் டெக்னீஷியன். மலாக்காவில் பாயா ரும்புட் பக்கம் எங்கள் வர்க்‌ஷாப். முதலாளி சிக்கந்தர் நானா. கடலோர ஊரான கோலா சுங்கை பாருவில் மீன் வைக்கிற கோல்ட் ரூம்கள் பாதிக்கு மேல் நாங்கள்தான் பார்க்கிறோம். மாணிக்கம் அண்ணன் எங்கள் வயர்மேன். மின்சார வேலை அவருடையது, குளிர் வேலை என்னுடையது.

நானாவுக்குப் பெர்த்தில் ஒரு கூட்டாளி உண்டு. அவர் மூலம் வந்த வேலை இது. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான இரண்டு தீவுகள். கிறிஸ்மஸ் தீவில் பழைய கோல்ட் ரூமைச் சர்வீஸ் செய்ய வேண்டும். கொக்கோஸ் தீவில் புதிதாக ஒன்று கட்ட வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் நானா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது முடிஞ்சதும் ஒரு ஆளை ஒரு வருஷம் அங்க வைக்கணும்மா. ஒரு தீவுல வீடு எடுத்துக்கிட்டு, ரெண்டு தீவையும் பாத்துக்கணும். குடும்பத்தோட போலாம். எந்தத் தீவு குடியிருக்கத் தோதுன்னு நல்லா பாத்துட்டு வா. ஒனக்கு இஷ்டம்னா நீயே போ."

அதுவரை நான் வேலைக்காகப் போன அதிக தூரம் ஜொகூர். வீடு தஞ்சோங் கிளிங்கில். கணவர் ஆல்பர்ட் அங்கே ஒரு ஹோட்டல் கிச்சனில் சமையல்காரர். மகள் ஜெனிக்கு ஒன்பது வயது. அன்று வீட்டுக்குப் போனதும் மூன்று பேரும் ஹேண்ட்போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். கிறிஸ்மஸ் தீவு ஜாவாவுக்குக் கீழே ஒரு பொட்டு. கொக்கோஸ் அதற்கும் தள்ளி, பெரிதாக்கினால்தான் தெரிகிறது.

"ஏம்மா, இதுல எங்கம்மா வீடு கட்டுவாங்க?" என்று கேட்டாள் ஜெனி.

2. கண்ணுக்குத் தெரிகிற கப்பல்

கிறிஸ்மஸ் தீவு ஒரு மலை. கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கிறது. வீடுகள் படிப்படியாக ஏறிப் போகின்றன. கீழே மலாய்க்காரர் குடியிருப்பான கம்போங்கும் பள்ளிவாசலும், மேலே சீனர்களின் அடுக்கு வீடுகளும் கோயில்களும். இவர்களுடைய தாத்தாமார் பாஸ்பேட் வெட்ட வந்தவர்கள். வெள்ளைக்காரர்கள் இரண்டுக்கும் நடுவில். கடையில் மலாய் பேசினால் மலாயில் பதில் வந்தது. எங்களுக்கு ஒரு பாரம் இறங்கியது.

நான் தாயின் கண்ணோடு பார்த்தேன். ஆஸ்பத்திரி இருக்கிறது. பள்ளிக்கூடம் பெரியது. தேவாலயம் இருக்கிறது. குழாயில் நல்ல தண்ணீர், குகைக்குள்ளிருந்து எடுப்பதாம். காட்டுக்குள் நடந்தால் காற்றுக்கே ஒரு குளிர்ச்சி. பிரசவம் என்றால் மட்டும் பெர்த்துக்கு விமானம் ஏற வேண்டும். அது இரண்டு தீவுக்கும் பொது.

நானா சொன்னதை நான் சொல்லியிருந்தும் மாணிக்கம் அண்ணனுக்கு ஆஸ்பத்திரி கண்ணில் படவில்லை. அவர் கண்டது மேல் தெருவில் ஒரு மீ கடை, நூடுல்ஸ் விற்கிற கடை. கடைக்காரச் சீன ஆன்டி நம்மூர் கடைத்தெரு மலாயிலேயே பேசினார். சம்பல் கேட்டால் தனியாகக் கிண்ணத்தில் வைத்தார்.

"முடிஞ்சிருச்சு ரோஸ்லின். இந்தத் தீவுதான். நானாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார் அண்ணன், வாயில் மீயோடு.

ஆனால் தீவுக்கு ஒரே ஒரு இறங்குதுறை. அது கடலுக்கு நேராகத் திறந்திருக்கிறது. மழைக்காலக் காற்று மாறினால் பெரிய அலை புரண்டு வந்து துறையில் மோதும். அப்போது கப்பல் கிட்டே வர முடியாது. எங்கள் கொக்கோஸ் வேலைக்கான, குளிரை உண்டாக்குகிற புதிய கண்டென்சிங் யூனிட்டும் அதில் ஏற்றுகிற குளிர் கேஸ் சிலிண்டர்களும் ஏறியிருந்த கப்பல் வந்தது. இங்கே சாமானை இறக்கிவிட்டுத்தான் அது கொக்கோசுக்குப் போகும். தூரத்தில் நின்றது. காலையில் எழுந்து பார்த்தால் இருக்கிறது, சாயங்காலம் பார்த்தால் அங்கேயே இருக்கிறது. ஊரே மேட்டில் நின்று அதைப் பார்த்தது. கடை அலமாரிகளில் முதலில் பால் போனது, பிறகு வெங்காயம், பிறகு முட்டை.

நான் பயந்தேன். தீவுக்காரர்கள் பயப்படவில்லை. மீ கடை ஆன்டி வீட்டுக்குப் பின்னால் வளர்த்த கடுகுக் கீரையையும் பாசிப்பயறு முளையையும் வாளியில் போட்டு அக்கம்பக்கம் அனுப்பினார். எங்கள் அறைக்கும் ஒரு கட்டு வந்தது.

"கப்பல் வரும், போகும். கோபப்பட்டா அலை எறங்குமா?" என்று ஆன்டி சிரித்தார்.

சர்வீஸ் வேலை முடிந்தது. அலை இறங்கவில்லை. புதிய அறைக்கான சுவர் பேனல்கள் முந்தின கப்பலிலேயே கொக்கோசுக்குப் போயிருந்தன. அதனால் யூனிட் வருவதற்குள் அறையையாவது நிறுத்திவிடுவோம் என்று நாங்கள் விமானம் ஏறினோம். ஜன்னலில் பார்த்தேன். கப்பல் கீழே அதே இடத்தில் நின்றது, கட்டைவிரல் நகம் அளவு.

3. குவா, லு

கொக்கோஸை மேலிருந்து பார்த்ததும் நான் சத்தமாகக் கத்திவிட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நீலக் கடலுக்கு நடுவில் வெளிர் பச்சை நிறத்தில் ஒரு பெரிய குளம். அதைச் சுற்றித் தென்னை மரம் மட்டுமே நிற்கிற மணல் திட்டுகள். மலை இல்லை, மேடு இல்லை. கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

விமானம் இறங்குவது ஒரு திட்டில். மலாய்க்காரர்கள் குடியிருப்பது இன்னொன்றில், ஃபெரி பிடித்துக் குளத்தைத் தாண்டிப் போக வேண்டும். எங்கள் வேலை அங்கேதான். காரே ஓடாத ஊர். எல்லோரும் கோல்ஃப் மைதானத்து வண்டி மாதிரி சின்ன பக்கிகளில் போகிறார்கள். வீடுகள் வரிசை வரிசையாக, ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில். நான் அப்படியே நின்றேன். அலோர் காஜா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவள் நான். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

கோல்ட் ரூம் இருக்கிற கடையைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் மாக் நூர். என் வயதுதான். கையில் கொத்துச் சாவி, தலையில் தூடோங் முக்காடு, நடையில் வேகம்.

"லு பேர் என்ன?" என்று மலாயில் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'லு' என்றால் நீ. நம்மூரில் முன்பின் தெரியாதவரை அப்படிக் கூப்பிட்டால் சண்டைதான். மலாக்காவில் மலாய் பேசுகிற பாபா சீனர் வீடுகளில் தங்களுக்குள் குவா, லு, அதாவது நான், நீ என்று பேசிக் கேட்டிருக்கிறேன். இங்கே ஊர் முழுக்க அப்படித்தான். மரியாதைக் குறைவே இல்லை.

"ரோஸ்லின்" என்றேன்.

"அது கல்யாணத்துக்கு முந்தின பேரு. மூத்த பிள்ளை பேர் என்ன?"

"ஜெனி."

"அப்போ லு மாக் ஜெனி."

முதல் பிள்ளை பிறந்ததும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்தப் பிள்ளையின் பெயர் வந்துவிடுகிறது. மாக் நூர் என்றால் நூரின் அம்மா. அந்த நூருக்குத்தான் அடுத்த வாரம் கல்யாணம். ஊரே சொந்தம் என்பதால் ஊரே கல்யாண வீடு. பெர்த்திலிருந்து வந்த கோழியும் மாட்டிறைச்சியும் கடையின் பழைய கோல்ட் ரூமில் அடுக்கடுக்காக நிறைந்திருந்தன.

வேலை நடுவில் மாக் நூர் பேசிக்கொண்டே இருப்பார். அந்தத் தீவுகள் முழுக்க ஒரு காலத்தில் ஒரே ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் தென்னந்தோட்டம். இவர்களுடைய முன்னோர் தேங்காய் உரித்தவர்கள். கூலியாகக் கொடுத்த காசு கூடத் தீவுக்கு வெளியே செல்லாத காசாம்.

"இப்போ தோட்டத்து முதலாளி துவான் இல்ல. நாங்க இருக்கோம்" என்றார்.

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் எஸ்டேட் விற்கப்பட்டபோது லயத்துச் சனம் ஆளுக்கு ஒரு பக்கம் போனது. ஒரே வரிசையில் வளர்ந்தவர்கள் இப்போது யார் எங்கே என்றே தெரியாது. இங்கே தோட்டம் முடிந்தது, துரை போனார், ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள். உங்களால் மட்டும் எப்படி இங்கேயே இருக்க முடிந்தது என்று கேட்டேன்.

"போன்னு சொன்னா போயிருவோமா? இது எங்க வீடு இல்லியா?" என்றார் மாக் நூர், நான் ஏதோ அசட்டுக் கேள்வி கேட்ட மாதிரி.

குறைகளையும் சொல்ல வேண்டும். இங்கே ஆஸ்பத்திரி கிடையாது, கிளினிக்தான். அந்தத் திட்டில் தேவாலயம் இல்லை. பச்சைக் காய்கறி விமானத்தில் வந்தால் உண்டு. குடிதண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறார்கள். மாணிக்கம் அண்ணன் மீ கடையை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

4. குளிர் போன காலை

நாங்கள் புதிய அறையின் சுவர் பேனல்களை நிறுத்தி முடித்த மறுநாள் காலை, மாக் நூர் பழைய கோல்ட் ரூம் கதவைத் திறந்தார். முகத்தில் அடிக்க வேண்டிய குளிர் வரவில்லை. என்னைக் கூப்பிட்ட குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

யூனிட்டைத் திறந்து பார்த்தேன். உப்புக் காற்று, குளிர் கேஸ் ஓடுகிற குழாய்ச் சுருளான காயிலைத் தின்றிருந்தது. கோலா சுங்கை பாருவிலும் உப்பு உண்டு. ஆனால் இப்படி இல்லை. இங்கே நாலு பக்கமும் கடல். ஊசித் துவாரம் வழியாகக் கேஸ் முழுக்கப் போய்விட்டது. பற்றவைத்து அடைத்தேன். கடையில் மிச்சமிருந்த ஒரே சிலிண்டரில் அடியில் கொஞ்சம் கேஸ்தான் இருந்தது. அதை ஏற்றினேன். கம்ப்ரஸர் ஓடியது, குளிர் வர ஆரம்பித்தது, எல்லோரும் கை தட்டினார்கள். மத்தியானத்துக்குள் இன்னொரு இடத்தில் புஸ்ஸென்று சத்தம். அதையும் அடைத்தால் மூன்றாவது இடம். இப்போது ஏற்றக் கேஸும் இல்லை. கேஸ் சிலிண்டரை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். புதிய யூனிட், புதிய கேஸ் எல்லாமே அந்தக் கப்பலில்.

மாக் நூரிடம் எப்படிச் சொல்வது? ஒரு தாய் தன் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த சாப்பாடு. நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

"மாக் நூர், முடியல. நாளைக்கு மேல இறைச்சி தாங்காது."

அவர் கதவைப் பார்த்தார். உள்ளே அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"இறைச்சி அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்காது. ஆனா கல்யாணம் நாளைக்கே வரலாமில்ல?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் அதற்குள் பக்கியில் ஏறிவிட்டார். பள்ளிவாசல் பெரியவர்களிடம் போனார், மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கச் செய்தி. நாளைக்குக் கல்யாணம்!

அதற்குப் பிறகு அந்தத் தீவில் யாரும் நடக்கவில்லை. ஓடினார்கள். வீட்டு ஃப்ரீசர்களில் அடங்குகிற இறைச்சியை அங்கங்கே கொண்டுபோய் வைத்தார்கள். மிச்சம் எல்லாம் நேராக அடுப்புக்கு. பந்தல் கட்ட ஆண்கள், தேங்காய் திருகப் பெண்கள். இஞ்சி நசுக்கும் உரல் சத்தம் நாலு பக்கமும். மணப்பெண் நூர் மருதாணிக் கையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "எந்தத் துணி இன்னும் தைக்கலன்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்று கத்தினாள். உடனே இரண்டு தையல் மெஷின்கள் பக்கியில் வந்து இறங்கின.

மாப்பிள்ளைதான் ஊரில் இல்லை. கல்யாணத்துக்கு மீன் பிடிக்கத் தெற்குத் திட்டுக்குப் போயிருந்தான். அவனைக் கூட்டிவர ஒரு போட் போனது. சாயங்காலம் அவன் வந்து இறங்கியபோது முகம் வெளிறிப்போயிருந்தது. போட்காரர்கள் குறும்புக்காக, "சீக்கிரம் வா, வீட்டுல எல்லாரும் கூடியிருக்காங்க" என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றான் துறையில் நின்றபடியே.

"ஒனக்குத்தான். நாளைக்கு ஒனக்குக் கல்யாணம்" என்றார் மாக் நூர்.

அவன் மீன் கூடையோடு மணலில் உட்கார்ந்துவிட்டான். துறை முழுக்கச் சிரிப்பு.

மாணிக்கம் அண்ணன் பந்தலுக்கு வயர் இழுத்து லைட்டும் ஃபேனும் போட்டார். எனக்கு வெங்காயம் உரிக்கிற வேலை. "குளிர் குடுக்க முடியல, வெங்காயமாச்சும் உரி மாக் ஜெனி" என்று ஒரு கிழவி சொன்னாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் அப்போதுதான் நகர்ந்தது.

மறுநாள் கல்யாணம் நடந்தது. ஊரே பந்தலில் இருந்தது. வயலின் வாசிக்க, மேளம் அடிக்க, ஆண்களும் பெண்களும் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஆடினார்கள். மலாய் உடுப்பு, ஆட்டமோ ஏதோ வெள்ளைக்கார நாட்டு ஆட்டம் மாதிரி. மாணிக்கம் அண்ணனை இழுத்து வரிசையில் விட்டார்கள். ஆரம்பத்தில் காலை எண்ணி வைத்தார். பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

5. குளிர் வந்த சாயங்காலம்

கல்யாணத்துக்கு அடுத்த நாள் கடற்கரையில் யாரோ மலாயில் கத்தினார்கள். "கப்பால்! கப்பால்!"

அலை இறங்கிக் கிறிஸ்மஸ் தீவில் சாமானை இறக்கிவிட்டு அந்தக் கப்பல் வந்துகொண்டிருந்தது. இங்கே அது குளத்துக்குள் நங்கூரம் போடும், தட்டைப் படகான பார்ஜில் சாமான் கரைக்கு வரும். அன்று பார்ஜுக்காக நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் கல்யாண உடுப்பிலேயே இருந்தார்கள். என் யூனிட் இறங்கியதும் நான் ஓடிப்போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, "இது முந்தா நாள் வந்திருந்தா எனக்கு ஒரு வாரம் மிச்சமாயிருக்கும்" என்றான். நூர் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

யூனிட்டை மேடையில் ஏற்ற ஆள் கேட்க வேண்டியிருக்கவில்லை. பைப் இணைத்தேன், வேக்குவம் போட்டுக் குழாயிலிருந்த காற்றை எடுத்தேன், கேஸ் ஏற்றினேன். அண்ணன் வயரிங்கை இன்னொரு முறை சரிபார்த்து ஸ்விட்சைத் தட்டினார். கம்ப்ரஸர் சீராக முனகியது. கதவுக்கு வெளியே ஊர் கூட்டம். டெம்பரேச்சர் மெல்ல மெல்ல இறங்க, ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். உள்ளே காயிலில் வெள்ளையாகப் பனி பூத்தது. மாக் நூர் உள்ளே போய் அந்தப் பனியை விரலால் தொட்டு என் கன்னத்தில் தடவினார். வேலைக்கு எனக்கு எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். இப்படி யாரும் சொன்னதில்லை.

6. நானாவுக்கு என்ன சொன்னேன்

திரும்பி வந்ததும் நானா எங்களை உட்கார வைத்தார். "சொல்லுங்க, எந்தத் தீவு?"

"கிறிஸ்மஸ்" என்றார் அண்ணன்.

"கொக்கோஸ்" என்றேன் நான்.

"ஒண்ணொண்ணா சொல்லும்மா. ஆஸ்பத்திரி?"

"கிறிஸ்மஸ்."

"பள்ளிக்கூடம்?"

"கிறிஸ்மஸ்தான் பெரிசு."

"தண்ணி, கடை, சர்ச்சு?"

"எல்லாம் கிறிஸ்மஸ்தான் நானா."

"அப்பறம் எதுக்கும்மா கொக்கோஸ்ங்கிற?"

நான் கல்யாணக் கதையைச் சொன்னேன். முடிந்ததும், "பிள்ளைக்கு ஒடம்புக்கு வந்தா?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. ஜெனி திடமான பிள்ளை, கிளினிக்கில் நல்ல நர்ஸ் இருக்கிறார், மிஞ்சினால் விமானம் வரும், அந்தப் பயத்தோடுதான் போகிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் ஆல்பர்ட்டிடம் இதையே சொன்னேன். அவர் வெகுநேரம் கேள்வி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார். வீட்டிலேயே பாடுவோம் என்றேன். கடைசியில் அவர் கேட்டது, "நூறு பேருக்கு மேல சமைக்கிற அண்டா அங்க இருக்கா?" இருக்கிறது என்றேன். விடுப்புக் கேட்கிறேன் என்றார்.

போனோம். ஒரு வருஷம் என்றது நீண்டது. மாக் நூர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தோம். ஜெனி நீந்தக் கற்றாள், ஆல்பர்ட் விருந்துகளில் பிரியாணி போட்டார். ஒரு முறை ஜெனிக்குக் கடுமையான காய்ச்சல் வந்து மூன்று பேரும் பயந்து நடுங்கினோம். அன்று கிறிஸ்மஸ் தீவு ஆஸ்பத்திரியை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நாங்கள் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை; காய்ச்சல் இறங்குகிற வரை மாக் நூரும் அக்கம்பக்கமும் கூடவே இருந்தார்கள்.

புதிய ஊருக்கு வேலைக்குக் கிளம்புகிற தம்பி தங்கைகளுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்ல முடியும். வீடு, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் பாருங்கள், பார்க்காமல் போகாதீர்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். மெஷின் என்றால் ஒரு நாள் நிற்கும், கப்பல் என்றால் ஒரு நாள் வராது. அந்த நாளில் அந்த ஊர் சனம் என்ன செய்தது என்று நாலு பேரிடம் கேளுங்கள். அதைக் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.